மணற்கிணற்றுக்கு இரண்டு மதிப்பெண்

நெய்தல் பற்றிய கருத்தரங்குகளுக்கு நம் கல்லூரிகளில் குறைவேயில்லை. புன்னையும் ஞாழலும், சுறவும் உமணரும், கடலும் இரங்கலும் என்று கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன. மேடையில் ஆளுக்கொரு புட்டித் தண்ணீர் வைக்கப்படுகிறது. தொகுப்பு நூல் வெளியாகிறது. வாசித்தவரின் பணிப்பதிவேட்டில் ஒரு வரி கூடுகிறது. சுனாமிக்குப் பிறகான இருபது ஆண்டுகளில் கடற்கரை மக்களைப் பற்றி நாவல்களும் கதைகளும் ஆய்வேடுகளும் வந்திருக்கின்றன. வந்தது நல்லதே. ஆனால் அந்தப் பெருங்குவியலில் ஒரு நெய்தல் வீட்டின் அடுக்களையில் இருக்கும் குடத்துக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பதில் சொல்லும் முன் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். கடலை எழுதுகிறோம், கண்ணீரை எழுதுகிறோம். இரண்டும் உப்புநீர் என்பதால் நமக்கு வசதியாகப் போயிற்று போலும். நன்னீரைப் பற்றிப் பேச்சில்லை.

ஐந்திணையின் கருப்பொருள் அட்டவணையை எல்லாத் தமிழ் மாணவரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். தெய்வம், மக்கள், உணவு, விலங்கு, பூ, மரம், பறை, யாழ் என்று போகும் அந்தக் கட்டங்களில் 'நீர்' என்று ஒரு கட்டம் உண்டு. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும். நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்கழியும். இரண்டு மதிப்பெண் வினா. எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். நாமும் திருத்திவிட்டு அடுத்த விடைத்தாளுக்குப் போய்விடுவோம். வள்ளுவர் கல்விக்கு உவமை தேடியபோது ஆற்றையும் ஏரியையும் விட்டு மணற்கேணியைத்தான் எடுத்துக்கொண்டார். அதன் இயல்பை அறிந்தவர் எடுத்த உவமை அது. அந்த அட்டவணையை எழுதியவர்களுக்கும் கடற்கரையில் உயிர் எதில் நிற்கிறது என்று தெரிந்திருந்தது. நமக்குத்தான் அது வினாவங்கியாகச் சுருங்கிவிட்டது.

குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையே, இன்றைய கிள்ளியூர் வட்டத்தில், கடலை ஒட்டி நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர் இனயம். அதைச் சுற்றி இனயம் புத்தன்துறை, இராமன்துறை, மிடாலம் என்று வேலிகூட இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிய கரையூர்கள். தோப்பில் முகமது மீரான் எழுதிய தேங்காப்பட்டணம் கூப்பிடு தூரம். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடிக் குழித்துறைத் தாமிரவருணியாகி அந்தத் தேங்காப்பட்டணத்தில்தான் கடலில் விழுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது. பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. குளங்களின் பட்டியலைச் சொல்லத் தொடங்கினால் நாஞ்சில் நாட்டுக்காரர் நிறுத்தமாட்டார். இப்படி மழையும் ஆறும் அணையும் உள்ள மாவட்டத்தின் கடைக்கோடிக் கரையில் பெண்கள் குடத்தோடும் சருவத்தோடும் காத்து நிற்கிறார்கள் என்றால், அதை வறட்சி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வானம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

ஒரு சொல்லை இங்கே குறிப்பிட வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிப் பேச்சில் தண்ணீருக்கு 'வெள்ளம்' என்றுதான் பெயர். கிணற்றில் இறைப்பதை 'வெள்ளம் கோருதல்' என்பார்கள். மற்ற தமிழ்நாட்டுக்கு அழிவைக் குறிக்கும் சொல் இவர்களுக்குத் தாகம் தீர்க்கும் சொல். 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மேலமணக்குடியிலும் கடல் ஊருக்குள் வந்தபோது ஒரே சொல்லுக்குள் இரு பொருளும் வந்து விழுந்தன. மொழியியலில் ஆர்வமுள்ளவர்கள் இதைத் தொடரலாம். நாம் வெள்ளத்துக்கே திரும்புவோம்.

மணற்கிணறு எப்படி வேலை செய்கிறது? கடற்கரை மணல்மேட்டில் விழும் மழை கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியைவிடக் கடல்நீரின் அடர்த்தி சற்றே அதிகம். நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் கரையூரின் வாழ்வு நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துக்காரரான கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர்வரை நன்னீர் இருக்கும். கேட்க ஆறுதலாக இருக்கிறது. திருப்பிப் படித்தால் வயிற்றைக் கலக்கும். மேலே ஒரு மீட்டரை இழந்தால், கீழேயிருந்து நாற்பது மீட்டர் உப்பு ஏறி வரக் காத்திருக்கிறது. கையால் தோண்டி, கையால் கோரி, ஊறும்வரை பொறுத்திருந்த காலத்தில் அந்தச் சமநிலை குலையவில்லை. ஆழ்குழாயும் மோட்டாரும் வந்தபோது பொறுத்திருத்தல் முடிந்தது.

சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் நடந்தது நமக்குப் பாடமாகியிருக்க வேண்டும். உப்பேறிய கிணறுகளைத் 'தூய்மைப்படுத்த' நல்லெண்ணத்தோடு பம்பு வைத்து இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்ததால் அடியிலிருந்த உவர்நீர் மேலேறி, நிலைமை பல இடங்களில் மேலும் கெட்டது என்று பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நல்லெண்ணத்துக்கு நீரியல் தெரியாது. அவசரகால உதவிக்கு வந்த நிறுவனங்களுக்கும் மணற்கிணற்றின் குணம் தெரியவில்லை. அது தெரிந்த கிழவிகளை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

கரையூர் மாணவி ஒருத்தி ஒருமுறை வகுப்பில் சொன்னாள்: "எங்க வீட்டு வெள்ளத்துல கருப்பட்டிக் காப்பி போட்டா கரிக்கும் சார். வெருந்து வந்தா கேன் வாங்குவோம்." விருந்துக்குக் கேன் தண்ணீர், வீட்டாருக்குக் கிணற்று வெள்ளம். குடும்பத்துக்குள்ளேயே நீருக்கு இரண்டு வகுப்பு உண்டாகிவிட்டது. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் குறையொன்றும் தெரியவில்லை. வானிலையைச் சொல்வது போலச் சொன்னாள். நமக்கு அதுதான் பொறுக்கவில்லை.

உப்பு என்றால் சுவைக் குறைவு, அவ்வளவுதானே என்று உள்நாட்டார் நினைக்கலாம். வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையில் தாக்கோப் என்ற பகுதியில் கர்ப்பிணிப் பெண்களிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வு, குடிநீரின் உப்புக்கும் பேறுகால ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. உணவில் உப்பைக் குறை என்று மருத்துவர் சொல்வார். தண்ணீரில் இருக்கும் உப்பை எப்படிக் குறைப்பது? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோல், குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. மாற்று நீராதாரம் இல்லாவிட்டால் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்த 'மாற்று இல்லாவிட்டால்' என்ற சலுகை யாருக்காக எழுதப்பட்டது? தாளில் அது ஓர் எண். கரையில் அது ஒரு தலைமுறையின் சிறுநீரகம். விதிவிலக்கிலேயே பிறந்து விதிவிலக்கிலேயே மூப்படைய வேண்டும் என்பது விதியா?

இனி வீட்டுக்கு வருவோம். நீரைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டைத் தனியாகப் பேசுவது நகரத்தார் பழக்கம். கரையூரில் இரண்டும் ஒரே மனையில் இருக்கின்றன. கழிவுத்தொட்டியிலிருந்து நீர் மண்ணில் ஊறும் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டுமான விதி. மூன்று சென்ட் மனையை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். மூன்று சென்ட் 120. சதுரமாக இருந்தால் பக்கம் 11 மீட்டர். ஒரு மூலையில் கிணற்றையும் எதிர் மூலையில் குழியையும் வைத்து, நடுவில் வீடே கட்டாமல் விட்டால்கூட இடைவெளி பதினாறு மீட்டரைத் தொடாது. அதாவது அந்த விதியைப் பின்பற்ற வேண்டுமானால் அந்த மனையில் குடியிருக்கவே கூடாது. அடுத்த வீட்டுக் குழி நம் கிணற்றுக்குப் பக்கத்தில் வருவதை எந்த விதி தடுக்கும்? மக்கள் சுகாதாரம் தெரியாதவர்கள் என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

கடற்கரை மணல் நீரை விரைவாக விடும். வேகமாகப் போகும் நீர் குறைவாகவே வடிகட்டப்படும். ஆகவே கண்ணாடி போலத் தெளிந்த வெள்ளத்திலும் மலக்கிருமி இருக்கலாம். தர அளவுகோல் இதில் சலுகை எதுவும் தரவில்லை. நூறு மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூடக் காணப்படக் கூடாது. இதைக் கண்டறியப் பெரிய ஆய்வகம்கூட வேண்டியதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக்குப்பி என்று சிறு குப்பி உண்டு. நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்குமானால் கறுத்துப்போகும். படிக்காத பாட்டியும் படித்துவிடக்கூடிய ஆய்வறிக்கை அது. நைட்ரேட் வேறு விவகாரம். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தையின் ரத்தத்தில் உயிர்வளி ஏறுவது தடைப்படும். உடல் நீலம் பாரிக்கும். இதில் வேதனை என்னவென்றால், 'காய்ச்சிக் குடியுங்கள்' என்ற அறிவுரை கிருமிக்குத்தான் மருந்து. நைட்ரேட்டும் உப்பும் காய்ச்சக் காய்ச்சச் செறிவுதான் கூடும். எந்தக் கிணற்றில் எது இருக்கிறது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே அறிவுரையை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போவது, நோய் கேட்காமல் மாத்திரை கொடுப்பது போன்றது.

கேன் தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிளாஸ்டிக் கேனில் வரும் நீர் எங்கோ ஒரு நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. சவ்வூடு முறையில் சுத்திகரிக்கும்போது கழித்து ஒதுக்கப்படும் உப்புக்கூடிய நீர் மறுபடி எங்கோ ஒரு மண்ணில்தான் விடப்படுகிறது. உப்பு குறைந்த இடங்களில் வீட்டுக்கு வீடு இந்த எந்திரம் வேண்டாம், வீணாகும் நீர் அதிகம் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கரையூரில் உப்பு குறைவு என்று எவரும் வாதாட முடியாது. ஆனால் அங்கே ஒவ்வொரு வீடும் இந்த எந்திரத்தை வாங்கி, ஒவ்வொரு வீடும் அந்தக் கழிநீரைக் கொல்லையிலேயே விட்டால், கொல்லைக் கிணற்றின் கதி என்னாவது? தனித்தனியே தப்பிக்கும் வழி எல்லோரையும் சேர்த்து மூழ்கடிக்கும் வழியாகிறது.

குழாய்? 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீரை வீட்டுக் குழாயில் தருவதாகச் சொன்னது. 2024 என்ற இலக்கு 2028க்குத் தள்ளிப்போயிருக்கிறது. குழாய் வருவதை வரவேற்கிறோம். ஆனால் குழாய் என்பது உலோகமும் பிளாஸ்டிக்கும்; அதன் மறுமுனையில் ஓர் ஆறு இருக்கிறது. கோடையில் ஆற்றின் ஓட்டம் குறையும்போது கழிமுகத்தின் வழியே கடல் மேலேறி வருவதைத் தேங்காப்பட்டணத்தார் நன்கறிவார்கள். ஆற்றில் அள்ளப்பட்ட மணல் விட்டுச்சென்ற பள்ளங்கள் கடலுக்குப் படிக்கட்டு அமைத்துக் கொடுத்தன. இன்னொரு பக்கம் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். ஏ.வி.எம். கால்வாய் என்றால்தான் ஊரில் தெரியும். திருவிதாங்கூர் அரசு 1860களில் திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு படகில் இணைக்க எண்ணி வெட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்ட நீர்வழி. இன்று பல இடங்களில் அது தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் சாக்கடையாகவும் கிடக்கிறது. ஒரு காலத்தில் சரக்கு சுமந்த கால்வாய் இப்போது கரையூர்க் கிணறுகளுக்குக் கொசுவையும் கழிவையும் சுமக்கிறது. உவர்க்கழி என்று இலக்கணத்தில் படித்தோமே, அதன் இன்றைய உரை இது.

வீட்டுக்குப் பின்புறம் கால்வாய் என்றால், முன்புறம் கடல். ஆனி ஆடியில் கடல் மூர்க்கமாகும்போது தடுப்புச்சுவரைத் தாண்டி அலை அடுக்களைக்குள் வரும். காற்றோ மழையோ இல்லாத நாளிலும், எங்கோ தென்கடலில் எழுந்த புயலின் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து கரையை விழுங்குவதுண்டு. கள்ளக்கடல் என்று மீனவர் இட்ட பெயரையே உலக அறிவியலாரும் ஏற்றுக்கொண்டார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரைக் கொண்டுபோனது அதுவே. அந்தச் செய்தி நாடெங்கும் போயிற்று. அதே கள்ளக்கடல் கரையூர் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி உப்பை ஊற்றிவிட்டுத் திரும்பினால் அது செய்தியாவதில்லை. ஓரிடத்தில் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த இடத்தில் கரை கரைகிறது என்பதும் பழைய கதை. ஆண்கள் தங்கல் தொழிலுக்குப் போயிருக்கும் மாதங்களில், நள்ளிரவில் வீட்டுக்குள் கடல் நுழையும்போது குழந்தையைத் தூக்குவதா, மின்விசையை அணைப்பதா, அரிசி மூட்டையை ஏற்றுவதா என்று ஒருத்தி தனியாக முடிவெடுக்கிறாள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அடித்த இரவைப் பற்றிக் கடலில் இருந்தவர்களை வைத்து நிறைய எழுதப்பட்டுவிட்டது. வீட்டில் இருந்தவர்களை வைத்து எழுதப்பட்டது குறைவு.

இப்போது மணல். இந்தக் கரையின் கறுத்த மணலில் என்ன இருக்கிறது என்று உலகம் கண்டுகொண்ட விதமே வேடிக்கையானது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அன்று வாயுவிளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்டது. நம் கயிற்றுக்கு வந்த விலையைவிடக் கயிற்றின் அழுக்குக்கு அதிக விலை கிடைத்தது. 1950இல் தொடங்கப்பட்ட இந்திய அருமணல் நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது.

இந்தத் தோரியம் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதில் இரு தரப்பும் நம்மைக் குழப்புகின்றன. ஒரு தரப்பு, கரையில் நிகழும் ஒவ்வொரு புற்றுநோய் மரணத்தையும் மணலின் கணக்கில் எழுதுகிறது. இன்னொரு தரப்பு, கேரளத்துக் கருநாகப்பள்ளி ஆய்வைக் காட்டி 'ஒன்றுமில்லை' என்று கோப்பை மூடுகிறது. முதல் தரப்பிடம் சொல்ல வேண்டியது: அந்த ஆய்வைப் படியுங்கள். ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளியான அந்த ஆய்வு, நிலத்தின் காமாக் கதிர் கூடிய பகுதிகளில் புற்றுநோய் கூடியிருக்கக் காணவில்லை என்றது. நமக்கு ஒவ்வாத முடிவு என்பதற்காக அதைப் புறந்தள்ளினால் நாம் சொல்லும் எதையும் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாம் தரப்பிடம் சொல்ல வேண்டியது: அது கருநாகப்பள்ளி, இது இனயம், அது முதன்மையாக அளந்தது வெளியிலிருந்து உடலில் படும் காமாக் கதிரை. நாம் கேட்பது மூச்சோடு உள்ளே போகும் வாயுவைப் பற்றி.

தோரியத்தின் வழித்தோன்றலான தோரான் ஒரு வாயு. அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு; ஆகவே அது பிறந்த சுவரையும் தரையையும் விட்டுத் தொலைதூரம் போகாது. சுவரோரம் பாய் விரித்துத் தரையில் படுப்பவரின் மூக்குக்கு அது போதுமான தூரம்தான். அது சிதைந்து உண்டாகும் ஈயத்தின் அரை ஆயுளோ பத்தரை மணி நேரத்துக்கும் மேல்; அது அறை முழுதும் பரவி நிற்கும். உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் இருக்கும் ரேடானைப் புகைபிடித்தலுக்கு அடுத்த நுரையீரல் புற்றுக் காரணம் என்கிறது. தோரான் அதன் உறவுக்கார வாயு. அதற்குத் தனிக் கருவியும் தனிக் கவனமும் வேண்டும், சாதாரண ரேடான் அளவுமானியை வைத்துவிட்டு வந்தால் போதாது. தீர்வு பல வேளைகளில் எளிது. சன்னலைத் திறப்பது, தரை வெடிப்பை அடைப்பது, சுவர்ப் பூச்சுக்குக் கடல்மணலைத் தவிர்ப்பது. ஓலைப்புரையில் காற்று தன் போக்கில் வந்துபோயிற்று. கான்கிரீட் வீட்டில் அலைக்கும் திருடருக்கும் அஞ்சிச் சன்னலைச் சாத்திவைக்கிறோம். கான்கிரீட் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஓலைக்குள் கிடந்தவர்களிடம் ஓலையின் அழகைப் பாடுவது நம் கவிஞர்கள் சிலருக்கு மட்டுமே கைவந்த கலை. அளந்து சொல்லுங்கள் என்கிறோம். அளந்ததை அந்த வீட்டுக்காரியிடம் சொல்லுங்கள் என்கிறோம். குடிநீர் அளவுகோலிலேயே ஆல்பா, பீட்டா கதிர்களுக்கு வரம்பு உண்டு. 2021 முதல் யுரேனியத்துக்கும் உண்டு. கிராமத்துக்கு வரும் கைப்பெட்டிச் சோதனையில் இவற்றுள் ஒன்றும் தெரியாது. உலகறிந்த மோனசைட்டுக் கரையின் கிணற்றுக்கும் வேறெந்தக் கிணற்றுக்கும் ஒரே பெட்டி.

கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு உள்ளிட்ட ஊர்களில் 1144 எக்டேர் நிலத்தில் மணல் அள்ள அருமணல் நிறுவனம் முன்வைத்த திட்டம் நண்பர்கள் அறிந்ததே. 2024 அக்டோபரில் நடப்பதாக அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்பு எதிர்ப்பினால் தள்ளிப்போயிற்று. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களுக்கான சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. கூட்டம் போட்டால் எதிர்ப்பு வருகிறது; ஆகவே கூட்டம் வேண்டாம். தமிழில் இதற்கு ஆடத் தெரியாதவள் பழமொழியைப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் இங்கே கூடத்தையே இடித்துவிட்டார்கள்.

மணலை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையுமே, அது மக்களுக்கு நல்லதுதானே என்று ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். ஒரு பேச்சுக்கு அதை ஒப்புக்கொள்வோம். மோனசைட்டை உருவி எடுத்துவிட்டு மிச்ச மணலைத் திரும்பக் கொட்டுகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்வோம். நம் கேள்வி வேறு. அந்த மணல்மேடு கனிமக் கிடங்கு மட்டுமா? இனயத்தின் தண்ணீர்த்தொட்டியும் அதுதான். மழையைப் பிடித்து, வடித்து, கடல்நீரின் தலைமேல் தாங்கி நிற்பது அந்த மேடே. அதன் உயரத்தில் ஒரு மீட்டர் நன்னீர் குறைந்தால் என்னாகும் என்ற கணக்கை மேலே பார்த்தோம். பல நூறு ஆண்டுகளாகக் காற்றும் அலையும் அடுக்கிய மணலைக் கலைத்து, பிரித்து, மறுபடி கொட்டும் இடைக்காலத்தில் உப்பு எங்கே நிற்கும்? ஒருமுறை ஏறிய உப்பு எத்தனை மழையில் இறங்கும்? தோரியத்தைப் பற்றி எதிர்ப்பாளரும் ஆதரவாளரும் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். தொண்டையை நனைக்கும் வெள்ளத்தைப் பற்றிய கேள்வி இரு பக்கக் கூச்சலிலும் கேட்காமல் போகிறது.

இதற்கு முன்பும் இனயம் தில்லியின் வரைபடத்தில் ஏறியதுண்டு. 2016 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை இங்கே பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கடலடி ஆழம் எவ்வளவு, பன்னாட்டுக் கப்பல்பாதை எவ்வளவு அருகில், முதலீடு எத்தனை ஆயிரம் கோடி என்று எல்லா எண்களும் அச்சாயின. மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கோவளம், மணக்குடிப் பக்கம் நகர்ந்தது, அங்கும் எதிர்ப்பைச் சந்தித்தது. கடல் எத்தனை மீட்டர் ஆழம் என்று அரசுக்குத் தெரியும். மணலில் எத்தனை விழுக்காடு மோனசைட்டு என்று தெரியும். மாதாகோவிலுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் குளோரைடு எத்தனை என்று கேளுங்கள். அதற்கும் எங்கோ ஒரு பதிவேட்டில் எண் இருக்கக்கூடும். அந்தக் கிணற்றில் கோருகிறவளுக்கு அது எட்டவில்லை. வெளியே எடுத்துப் போகக் கூடியதற்கு மட்டும் கணக்கு உண்டு, அங்கேயே கிடந்து குடிக்கப்படுவதற்குக் கணக்கில்லை என்றால், அந்த அறிவு யாருக்காகத் திரட்டப்படுகிறது?

இதெல்லாம் பொறியாளரும் மருத்துவரும் பேச வேண்டியது, தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். திணையைக் கற்பிப்பவனின் வேலை இதைவிட வேறென்ன என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. நிலத்தையும் அதன் நீரையும் தள்ளிவைத்துவிட்டு உரிப்பொருளை மட்டும் பிழிந்து குடிக்கும் வாசிப்பு எங்கிருந்து வந்தது? இரங்கல் நெய்தலின் உரிப்பொருள் என்பதால், நெய்தலார் எப்போதும் இரங்கிக்கொண்டே இருந்தால்தான் நமக்கு அழகாகப் படுகிறது. கடலைப் பார்த்து அழுபவளை எழுதுகிறோம். பஞ்சாயத்தில் தண்ணீர்ச் சீட்டைக் கேட்டுச் சண்டை போடுபவளை எழுதினால் கலை குறைந்துவிடும் என்று பயம். கரையிலிருந்தே எழுத வந்தவர்கள் இந்தப் பயத்தை ஓரளவு உடைத்தார்கள். திறனாய்வாளர்களாகிய நாம் அவர்களிடமும் சூறாவளியைத்தான் கேட்கிறோம். சோதனைக்குப்பியை யாரும் கேட்பதில்லை.

சண்டைக்கான சட்டம் கையிலேயே இருக்கிறது. ஜல் ஜீவன் வழிகாட்டலின்படி ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் கைப்பெட்டிச் சோதனையில் பயிற்சி தரவேண்டும். நீராதாரங்களை ஆண்டுக்கு ஒருமுறை வேதியியல் சோதனைக்கும், மழைக்கு முன்னும் பின்னும் இருமுறை கிருமிச் சோதனைக்கும் உட்படுத்தவேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. முடிவுகளைத் தர மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராமசபை கூடவேண்டும். அன்று உறுதிமொழி வாசித்துக் கலையாமல், ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு சீட்டைக் கேட்கலாம். குளோரைடு, நைட்ரேட், கிருமி, சோதித்த தேதி, கையொப்பம். இந்தக் கரைக்கு மட்டும் கூடுதலாக ஆல்பா, பீட்டா, யுரேனியம். தெருவுக்குச் சில வீடுகளிலாவது தோரான் அளவு. எந்தச் சுரங்கத்துக்கும் முதல் பிடி மணல் அள்ளப்படும் முன் இந்தச் சீட்டுகள் எல்லாம் எழுதி முடிந்திருக்க வேண்டும். பின்னால் உப்பேறினால், 'முன்பே இப்படித்தான் இருந்தது' என்று எவரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா?

அந்தச் சீட்டின் ஒரு படி ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இன்னொரு படி நம் துறைக்கு வரட்டும். கருப்பொருள் பாடம் நடத்தும் அன்று மாணவர் கையில் அதைக் கொடுத்து, நெய்தலின் நீர் எது என்ற வினாவைக் கேட்போம். அதற்கு இரண்டு மதிப்பெண் போதாது. பத்தாக்கச் சொல்லிப் பாடத்திட்டக் குழுவுக்கு எழுதியிருக்கிறோம்.